வாரண்டி பெட்டிக்கு இருக்கு, வாழைக்கு இல்லை

உங்க வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேரானா பத்து நாள் கையால துவைச்சுக்கிடுவீங்க. சிரமம்தான், ஆனா பெரிய நஷ்டம் இல்லை. எங்க மலையடிவாரத்துல ஒரு பெட்டி ரிப்பேரானா பத்து நாள்ல பாதித் தோட்டம் போயிரும். சோலார் வேலிக்கு ஷாக் குடுக்கிற பெட்டியைச் சொல்லுதேன்.

சிவந்திபுரம், மணிமுத்தாறு, கடையம், அந்தப் பக்கம் களக்காடுன்னு புலிகள் காப்பகத்தை ஒட்டி வயல், வாழை வச்சிருக்கிற எல்லாருக்கும் ராத்திரி விருந்தாளி காட்டுப்பன்னிதான். வாழையில அது தாரைத் தேடாது, அடிக்கிழங்கைத் தோண்டித் தின்னும். கிழங்கு போனா மரமே சாஞ்சிரும். பன்னியை நாம தொடக்கூடாது. 2025 ஜனவரியில அரசாங்கம் போட்ட உத்தரவுப்படி, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறை சுடலாம். காட்டை ஒட்டி இருக்கிற எங்களுக்கு அதுல பிரயோஜனம் இல்லை. எங்களுக்கு மிஞ்சினது வேலி ஒண்ணுதான்.

அந்த வேலிக்கு உயிர் பெட்டியில இருக்கு. சோலார் தகடு 12 வோல்ட் பாட்டரியை சார்ஜ் பண்ணும். பெட்டி அந்தக் கரண்டைச் சேர்த்து வச்சு, சுமார் ஒரு செகண்டுக்கு ஒரு தடவை கம்பியில தட்டிவிடும். வோல்ட் ஆயிரக்கணக்குல இருந்தாலும் அது நிக்கிற நேரம் செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லை. அதனால அது கன்னத்துல அறைஞ்ச மாதிரி விரட்டும், கொல்லாது.

போன ஐப்பசியில விழுந்த ஒரு இடியில என் பெட்டி ஊமையாயிட்டு. வாரண்டி இருந்துச்சு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சுத்திவிட்டு ஒரு பிள்ளை பேசுச்சு. மரியாதையாத்தான் பேசுச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். "பாட்டரி சார்ஜ் இருக்கா சார், ஒயரைக் கழட்டி மாட்டிப் பாத்தீங்களா சார், வீடியோ அனுப்புங்க சார்" எல்லாம் முடிஞ்சு ஒரு புகார் நம்பர் குடுத்துச்சு. கூரியர் செலவு நம்மது. "15 வேலை நாள் ஆகும் சார்."

வேலை நாள்னா சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் கணக்குல சேராது. பன்னிக்கு அந்தக் கணக்கு தெரியாதே! இருபத்தாறாவது நாள் பெட்டி வந்துச்சு, கூடவே ஒரு சீட்டு: இடி விழுந்தது வாரண்டியில சேராதாம், போர்டு மாத்தினதுக்கு 3,200 ரூபாய். அதுக்குள்ள அறுநூறு ஏத்தன் கன்னுல நூத்தி நாப்பது போயிட்டு. பரண்ல டார்ச்சும் தகர டப்பாவுமா முழிச்சிருந்தும்தான் இத்தனை போச்சு. அந்த நூத்தி நாப்பதுக்கு எந்த வாரண்டியும் இல்லை.

இதையே தண்ணி மோட்டாரோட ஒப்பிட்டுப் பாருங்க. காயில் எரிஞ்சா அம்பாசமுத்திரத்துல குடுத்து ரெண்டு நாள்ல சுத்தி வாங்கிரலாம். பேரிங், புஷ், கெப்பாசிட்டர் எல்லாம் கடையில தொங்கும். எந்தக் கம்பெனி மோட்டாரா இருந்தாலும் நம்ம ஊரு மெக்கானிக் கழட்டுவார். பெட்டியைத் திறந்தா உள்ள போர்டு மேல கறுப்பாப் பசையை ஊத்தி மூடியிருக்கு. ஈரம் போகாம இருக்கன்னு சொல்லுவாங்க, அதுல நியாயம் உண்டு. ஆனா உதிரியா ஒரு போர்டு எங்கயும் விலைக்குக் கிடைக்கலையே, அதுக்கு என்ன நியாயம்?

"அது ஆபத்தான சாமான், கண்டவங்க கை வைக்கக்கூடாது"ங்காங்க. சரி. மூணு பேஸ் மோட்டார்ல 400 வோல்ட்டுக்கு மேல வருது. அதுல கை வைக்கிறவருக்கு இதைச் சொல்லிக் குடுக்க முடியாதா? தாலுகாவுக்கு ஒருத்தரைப் பழக்கி, பத்து போர்டைக் கையில குடுத்து வச்சா, போன அன்னைக்கே மாத்திட்டு வந்துரலாம்லா?

இது என் நூத்தி நாப்பது கன்னுக்காக மட்டும் இல்லை. பெட்டி வர நாளாக ஆக, காட்டோரத்துல ஒரு கெட்ட யோசனை தலை தூக்கும்: மோட்டார் ரூம்ல இருந்து நேரா கம்பிக்கு லைன் இழுத்துட்டா என்ன? அந்தக் கரண்ட் தட்டிவிடாது, பிடிச்சு இழுத்துக் கொல்லும். பன்னியா, யானையா, விடியக்காலம் தண்ணி பாய்ச்ச வந்த பக்கத்து வயல்காரனான்னு பாக்காது. 2023 மார்ச்ல தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் இப்படித் திருட்டு மின்வேலியில மூணு யானை செத்துச்சு, கூட நின்ன ரெண்டு குட்டி அனாதையாச்சு. அந்தக் குத்தத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா நேர்வழியில போறவனை இருபத்தாறு நாள் வேலியில்லாம உக்கார வச்சா, அவனையும் அந்தப் பக்கம் தள்ளுத மாதிரிதானே?

அதே 2023ல தமிழ்நாடு அரசு மின்வேலிக்கு விதி கொண்டுவந்துச்சு. காட்டோரத்துல வேலி போட்டா வனத்துறையில பதிவு பண்ணணும். நல்ல விஷயம். எப்படிப்பட்ட பெட்டி வைக்கணும்னு எங்களுக்குச் சொல்லுத மாதிரி, கெட்டா எத்தனை நாள்ல சரிபண்ணிக் குடுக்கணும்னு விக்கிறவனுக்கும் சொல்லணும். 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு குழு போட்டுச்சு. அதுல எடுத்துக்கிட்ட நாலு வகையில விவசாயக் கருவியும் ஒண்ணு. டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்தாங்க. ஆனா சட்டம்னு ஒண்ணு வந்தபாடில்லை. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023லயே விவசாயக் கருவிக்குச் சட்டம் போட்டு, 2024 ஜனவரியில நடைமுறைக்குக் கொண்டுவந்துட்டு.

நான் கேக்கது மூணுதான். ரிப்பேருக்கு வாங்கும்போதே கைமாத்தா ஒரு பெட்டி குடுங்க. உதிரி போர்டை விலை போட்டுக் கடையில வைங்க. இடி வாரண்டியில சேராதுன்னா அதை விக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்க. ஐப்பசி, கார்த்திகையில இங்க இடி விழாம இருக்குமா?

என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்க 1915ங்கிற நுகர்வோர் உதவி நம்பருக்குப் போன் போடுங்க, காசு கிடையாது. அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. சாமான் விலை 5 லட்சத்துக்குள்ளன்னா மனு குடுக்கக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காம நாமளே பேசலாம்.

பட்டணத்துல இதைப் படிக்கிறவங்கள்ல இந்த மாதிரிக் கம்பெனியில வேலை பாக்கிறவங்களும் இருப்பீங்க. "15 வேலை நாள்"னு கம்ப்யூட்டர்ல அடிக்கும்போது ஒரு நிமிஷம் யோசிங்க. உங்களுக்கு அது 15 பகல். எங்களுக்கு அத்தனையும் ராத்திரி.