ஏட்டுச் சுரைக்காயும் யுரேனியமும்

நமது தேசத்தில் யுரேனியம் இத்தனை டன் இருக்கிறதென்று சர்க்கார் ஒரு கணக்குச் சொல்லுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் வேறொரு கணக்கு வருகிறது. அது முன்னதைவிடப் பெரிதாயிருக்கிறது. இடையில் பூமாதேவி புதிதாக யுரேனியம் ஈன்றுவிட்டாளா என்று எவரும் கேட்கலாம்.

பூமிக்குள் இருப்பது ஒன்று. நாம் அறிந்திருப்பது வேறொன்று. கணக்கில் ஏறுவது நாம் அறிந்தது மாத்திரமே. 1951-ல் சிங்பும் பிரதேசத்து ஜாதுகூடாவில் யுரேனியம் இருப்பதைக் கண்டார்கள். கண்டவுடனே அளவு தெரிந்துவிடுமா? பாறையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளையிட்டு, வந்த கல்லைச் சோதிக்கவேண்டும். துளைகள் நெருங்க நெருங்க, "இருக்கக்கூடும்" என்பது "இருக்கிறது" என்று ஆகிறது.

அறிவு வேறு வகையிலும் கணக்கை வளர்க்கும். ஆந்திர தேசத்தில் கடப்பை ஜில்லாவிலுள்ள தும்மலபல்லியில் யுரேனியம் இருப்பது முன்பே தெரியும். ஆனால் அது சுண்ணாம்புக் கல்லின் இனத்தைச் சேர்ந்த பாறையில் கலந்திருந்தது. வழக்கம்போல் திராவகம் ஊற்றினால், திராவகம் முழுவதையும் பாறையே குடித்துவிடும். ஒரு டன் கல்லில் கிடைப்பதோ அரைக் கிலோவுக்கும் குறைவு. ஆகவே அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். பின்னர் நமது விஞ்ஞானிகள் க்ஷாரத்தைக் கொண்டு பிரித்தெடுக்கும் முறையொன்றை வகுத்தார்கள். 2011-ல் அணுசக்திக் கமிஷன் தலைவர் ஸ்ரீகுமார் பானர்ஜி, அங்கே 49,000 டன் உறுதியாயிற்றென்றும், அது 1,50,000 டன் வரை உயரக்கூடுமென்றும் அறிவித்தார். கல் அதே கல்தான். பயன் காணும் வழிதான் புதிது. விலை ஏறினாலும் இவ்விதமே நிகழும்: நேற்றுக் கட்டுபடியாகாத கல் இன்று செல்வமாகிவிடும்.

இதைக் கேட்டு மகிழ்வது நியாயமே. ஆனால் 2008-ம் ஆண்டை மறந்துவிடலாகாது. அப்பொழுதும் ஏட்டில் பல்லாயிரம் டன் யுரேனியம் இருந்தது. எனினும் நமது அணுமின் நிலையங்கள் எரிபொருளின்றி முழுச் சக்தியுடன் ஓடமாட்டாமல் தவித்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சுரங்கம் தோண்டவும், ஆலை அமைக்கவும், சுற்றியுள்ள கிராமத்தாரின் நிலமும் நீரும் கெடாமல் காக்கவும் பல்லாண்டு உழைப்பு வேண்டும். பிற்பாடு கஜகஸ்தான், ருஷியா, கானடா முதலிய தேசங்களிலிருந்து யுரேனியம் வாங்கித்தான் குறையை ஈடு செய்தோம்.

எனவே, பத்திரிகையில் பெரிய எண் ஒன்றைக் காணும்போது, எத்தனை டன் என்பதோடு நின்றுவிடாதீர்கள். கல்லின் தரம் என்ன, என்ன செலவில் எடுக்கலாம், எத்தனை ஆண்டில் கைக்கு வரும் என்றும் கேளுங்கள். செல்வத்தின் உண்மையான அளவு அந்த விடைகளில்தான் இருக்கிறது.