கரும்பலகையில் பெயர் எழுதுவதா தலைமை?

பெறுநர்: பள்ளிக்கல்வித் துறை, உயர்கல்வித் துறை, பள்ளி மேலாண்மைக் குழுக்கள், கல்லூரி முதல்வர்கள்.
அனுப்புநர்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், ஆசிரியர்கள்.

நம் வகுப்பறைகளில் ‘லீடர்’ என்றால் யார்? ஆசிரியர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்து, கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுகிற பிள்ளை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மசியாவிட்டால் ‘அடங்கவில்லை’. நோட்டு அடுக்குவதும் வருகைப் பதிவேட்டைத் தூக்கிப் போவதும் அதே பிள்ளைதான். முதல் ரேங்க் எடுப்பவருக்கோ சத்தமாகப் பேசுபவருக்கோ இந்த வேலை போகிறது. இதையே பார்த்து வளரும் பிள்ளை, தலைமை என்றால் மேலே இருப்பவருக்குக் கண்ணும் காதுமாக இருப்பது என்று படித்துக்கொள்கிறது. உனக்கு எது பெரிது, யாருக்காக நீ முன்னே நிற்பாய் என்று யாரும் அதனிடம் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் நேரமும் இடமும் அதிகாரமும் ஒதுக்குங்கள் என்று கேட்கிறோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மார்க்கில் நடுத்தரம், மேடையேறிப் பேச வராது. தோழிகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை என்பதைக் கவனித்தாள். காரணம், கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை. எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து, ஓர் ஆசிரியையிடம் காட்டினாள். “நீயே போய் ஹெச்.எம். கிட்ட சொல்லும்மா, நான் கூட வர்றேன்” என்றார் அவர். தாழ்ப்பாள் வந்தது. நர்சிங் படித்து ஊர்ப் பெண்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் இப்போது சொல்கிறாள். ஆண்டு விழாவில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அந்த ஆசிரியை கூட நடந்தது ஓர் அதிர்ஷ்டமாக இருந்துவிடக் கூடாது. எல்லாப் பள்ளியிலும் அது வழக்கமாக வேண்டும்.

ஆகவே, ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியட் வேண்டும். அதில் அறிவுரை கூடாது, மார்க் கூடாது. பள்ளியிலும் தெருவிலும் தங்களை உறுத்துவது எது என்று பிள்ளைகள் எழுதட்டும், பேசட்டும், அதில் ஒன்றைக் கையில் எடுக்கட்டும். கிராமச் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் ஊராட்சித் தலைவரும் வந்து, தாங்கள் ஏன் இந்த வேலையில் இருக்கிறோம் என்று சொல்லட்டும். பி.டி. பீரியடை வாங்கிக்கொள்வதுபோல இதையும் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது. ஆசிரியர்களுக்குப் பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க நேரம் வேண்டுமானால், எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலையை அவர்கள் தலையிலிருந்து இறக்குங்கள்.

அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு அமைப்பு வந்திருப்பதை மனமார வரவேற்கிறோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள் இருக்கின்றன, தலைவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முடிவெடுக்க ஏதாவது இருக்க வேண்டாமா? நூலகத்துக்கு எந்தப் புத்தகம், விளையாட்டுக்கு எந்தப் பொருள், ஆண்டு விழாவில் என்ன நிகழ்ச்சி என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். அதற்கென்று பள்ளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் ஒதுக்குங்கள். கணக்கையும் அவர்களே எழுதி அசெம்பிளியில் படிக்கட்டும். தவறான பொருளை வாங்கிவிட்டால் திட்டாதீர்கள், அடுத்த முறை சரியாக வாங்குவார்கள். பருவத்துக்கு ஒருமுறை தலைமை மாற வேண்டும். மார்க் அளவுகோலாக இருக்கவே கூடாது.

இதில் தாமதம் ஏன் ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. கயிற்றை அறுப்பது அவசியம்தான். ஆனால் பதினாறு வயதில் ஒரு பையனுக்கு ‘நான் யார், எதற்காக இருக்கிறேன்’ என்ற தவிப்பு இருக்கும். அதற்குப் பள்ளி பதில் தராத இடத்தில் சாதிச் சங்கம் வந்து பதில் தருகிறது. கயிறு அறுந்த கைக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும், சாதி கலந்த குழுவோடு சேர்ந்து செய்கிற வேலை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவின் கூட்டங்களில் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இருவர், ஒரு மாணவியும் ஒரு மாணவனும், உட்கார்ந்து பேச இடம் கொடுங்கள். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992லேயே ஏற்றுவிட்டது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் இருக்கிறது. பேனர் பிடித்துப் போட்டோ எடுக்கவும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத மரக்கன்றுகளை நடவும் அதைச் செலவழிக்க வேண்டாம். எந்தப் பிரச்சினைக்காக எந்த ஊருக்குப் போவது என்பதை மாணவர்களே தீர்மானிக்கட்டும். மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கட்டும். நான் முதல்வன் திட்டத்தில் வேலைக்கான பயிற்சியோடு, அந்த வேலையால் யாருக்கு என்ன நன்மை என்று பேசும் அமர்வுகளையும் சேருங்கள்.

கல்லூரிகளுக்கு வருவோம். 18 வயதில் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் மாணவருக்குத் தன் கல்லூரியில் பெரும்பாலும் வாக்குப்பெட்டி இல்லை. உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகள் மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று விரிவாகவே சொல்கின்றன: கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல், ஒரு வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். அதன்படி நடத்துங்கள். 1965இல் மொழிக்காகவும் 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மாணவர்கள் தாங்களே தலைமையை உருவாக்கிக்கொண்டார்கள். இரண்டு முறையும் அது பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியே நடந்தது என்பதைக் கல்லூரிகள் யோசிக்க வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவரின் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பதும், “டி.சி. வாங்கிட்டுப் போ” என்று மிரட்டுவதும் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். இப்படிப்பட்ட புகாரைக் கல்லூரிக்கு வெளியே உள்ள ஒருவர் விசாரித்து, 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இந்தக் கோரிக்கைகள் மீது துறைகள் வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். பதில் எதுவானாலும் அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் பிள்ளைகளைக் கொண்டே வாசிக்க வைப்போம்.