கூண்டுக்கு முன் குப்பைத்தொட்டி

நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் கரடி ஊருக்குள் வருவது இன்று புதினமல்ல. இருட்டியபின் கோயில் கதவை உடைத்து, விளக்குக்கென்று வைத்த எண்ணெயையும் நெய்யையும் குடித்துவிட்டுப் போகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அறையிலும் கடைகளிலும் அரிசி, பருப்பு, சீனி தேடிச் சாமான்களைச் சிதறடிக்கிறது. விடிந்தும் விடியாததுமாய்க் கொழுந்தெடுக்கக் கிளம்பும் பெண்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அதன் எதிரில் போய் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் கூடுகிறது, வனத்துறைக்குத் தகவல் போகிறது, கூண்டு வருகிறது. பிறகு அடுத்த கதவு உடையும் வரை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இது கடலுக்கு அப்பால் உள்ளவர்களின் கவலை என்று இலங்கையில் நாம் இருந்துவிட முடியாது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையகத்துத் தோட்ட லயன் வீடுகளை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு வேலை கொடுக்கவே, தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ‘டான்டீ’ என்று இன்று அறியப்படும் நிறுவனம் அது. காட்டை ஒட்டி, பல இடங்களில் காட்டுக்குள்ளேயே, அந்த மக்கள் குடியேற்றப்பட்டார்கள். கொழும்பில் கிராண்ட்பாஸிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கும் மலையகப் பிள்ளைகள் பலருக்கு அங்கே பெரியப்பாவும் சின்னம்மாவும் இருக்கிறார்கள். கரடி வரும் வாசல் நம் உறவினரின் வாசல்.

கரடி ஊருக்குள் வந்தபின் என்ன செய்வது என்று கேட்பதை நிறுத்துவோம். அது வருவதற்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்போம். இதுவே எமது நிலைப்பாடு.

நம் காடுகளில் வாழும் கரடி மனிதரை இரையாகத் தேடுவதில்லை. கறையானும் எறும்பும் தேனும் பழமுமே அதன் உணவு. கண் பார்வை மங்கல். மூக்கோ மிகக் கூர்மை. புற்றுக்குள் இருக்கும் கறையானை மணத்தால் கண்டுபிடிக்கும் பிராணிக்கு, வாசலில் கொட்டிய மீன் கழிவும் பழைய சோறும் எட்டாத மணமா? ஒருமுறை வந்து வயிறு நிறைந்தால் மறுபடி வரும். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வரும் தாய்க் கரடி அந்தப் பாதையைக் குட்டிக்கும் பழக்கிவிடுகிறது. இருட்டில் திடீரென்று மனிதர் எதிர்ப்பட்டால் மிரண்டு தாக்குகிறது. நீண்ட நகங்கள் முகத்தையும் தலையையும் கிழித்துவிடுகின்றன. உயிர் பிழைத்தவர்கள்கூட ஒரு கண்ணை, உதட்டை, மூக்கை இழந்து வாழ்கிறார்கள். இந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல எமக்கு மனமில்லை. அதனால்தான் வருமுன் காப்பதை வற்புறுத்துகிறோம்.

‘பிடித்துத் தூரக் காட்டில் விடுங்கள்’ என்ற குரல் எப்போதும் எழும். பயந்து வாழும் மக்கள் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஆனால், பிடிப்பது நாம் நினைப்பதுபோல் எளிதல்ல. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூவரைத் தாக்கிய கரடியை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விட்டார்கள், அது பிழைக்கவில்லை. 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் கோழி தேடி வந்து கிணற்றில் விழுந்த கரடிக்குத் தண்ணீரில் இருக்கும்போதே மயக்க ஊசி செலுத்தப்பட்டது. அது மூழ்கிச் செத்தது. உயிரோடு பிடித்துக் கொண்டுபோனாலும் என்ன? அதை இழுத்த குப்பை அதே இடத்தில் கிடந்தால் அடுத்த கரடி வரும்.

குப்பையை மூடினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் டுராங்கோ நகரம் பதில் சொல்கிறது. அங்கே 2013 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். தொட்டி கொடுத்த தெருக்களில் குப்பையால் வந்த தொல்லை, கொடுக்காத தெருக்களைவிட 60 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் கரடி வேறு இனம். ஆனால் பசியும் மூக்கும் ஒன்றுதான். ஜப்பானின் கருய்சாவா நகரிலும் இத்தகைய தொட்டிகளும், கரடியை விரட்டப் பழக்கிய நாய்களும் பயன் தந்திருக்கின்றன. அதே ஜப்பானில் கிராமங்கள் முதியவர்களோடு காலியாகி, பறிக்க ஆளில்லாத சீமைப் பனிச்சைப் பழங்கள் மரத்திலேயே பழுத்துக் கிடக்கும் வட்டாரங்களில் நிலைமை கைமீறிவிட்டது. 2023 நிதியாண்டில் 219 பேர் கரடிகளால் தாக்கப்பட்டார்கள். அவர்களில் 6 பேர் இறந்தார்கள். 2025 நவம்பரில் அகிதா மாகாணத்துக்கு இராணுவத்தையே அனுப்ப வேண்டியதாயிற்று. பணமும் ஒழுங்கும் உள்ள நாடு அது. வரும்வரை காத்திருந்தால் அங்கேயே இந்த நிலை என்றால், நீலகிரி லயன்களின் நிலை என்ன?

குப்பை என்ன செய்யும் என்பதைக் கிராண்ட்பாஸ் வாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளூமெண்டல் குப்பை மேட்டின் நாற்றத்தோடு ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது. அந்த மேடு மூடப்பட்டபின் கொழும்பின் கழிவைச் சுமந்த மீதொட்டமுல்ல, 2017 ஏப்ரல் 14 புத்தாண்டு நாளில் சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டிலே பழுதான மின்வேலி சீர்செய்யப்படாமல் கிடக்க, குப்பையோடு பிளாஸ்டிக்கையும் தின்ற யானைகள் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது மாண்டன. அழுகியதைக் கண்காணாத இடத்தில் கொட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் உள்ளூராட்சியே இந்த அவலங்களின் வேர். கொழும்பில் அதற்குப் பலியானவர்கள் ஏழைகள். கோத்தகிரியிலும் அவர்களே.

ஆகவே ‘குப்பையை வெளியே போடாதீர்கள்’ என்று லயன் மக்களுக்கு மட்டும் புத்தி சொல்வதை நாம் ஏற்கவில்லை. குப்பை வண்டி வராத இடத்தில் குப்பையை எங்கே போடுவது? வீட்டோடு கழிப்பறை இல்லாதவர் இருட்டில் எங்கே போவது? தோட்டத்தைக் கைவிட்டுப் புதர் மண்டவிட்ட நிர்வாகம், பகலில் கரடி படுத்துறங்க இடம் கொடுத்துவிட்டு, மாலையில் அந்த வழியே பள்ளி விட்டு வரும் பிள்ளையைக் கவனமாக இருக்கச் சொல்வது என்ன நியாயம்? உள்ளூராட்சியும் தோட்ட நிர்வாகமும் முதலில் தம் கடமையைச் செய்யட்டும்.

செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவையும் அல்ல. பூட்டக்கூடிய இரும்புத் தொட்டி வேண்டும். பொழுது சாயுமுன் குப்பையை அள்ளிச் செல்லும் வண்டி வேண்டும். கோயில் எண்ணெயும் சத்துணவுச் சாமானும் உறுதியான அலமாரிக்குள் இருக்க வேண்டும். நடைபாதையின் இருபுறமும் உண்ணிச்செடிப் புதர் வெட்டப்பட்டு விளக்கு எரிய வேண்டும். வீடுதோறும் கழிப்பறை வேண்டும். விடியுமுன் எவரையும் மலைக்கு அனுப்பாத வேலை நேரம் வேண்டும். தமிழ்நாடு அரசு இவற்றை நீலகிரியில் உடனே தொடங்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் வேலை இருக்கிறது. இங்கே கரடி மலையகத்தில் இல்லை. வில்பத்து, யால, வஸ்கமுவ, வன்னிக் காடுகள் என உலர்வலயத்தில் வாழ்கிறது. ஆயிரத்துக்கு மேல் இராது என்பதே ஆய்வாளர் கணிப்பு. வைகாசி பிறந்து பாலைப்பழம் பழுத்தால் வன்னியில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தடிக்குப் போகிறார்கள். தேனுக்கும் விறகுக்கும் போகிறவர்களும் அகப்படுகிறார்கள். கூட்டமாய்ப் போவது, பேசிக்கொண்டும் சத்தமிட்டுக்கொண்டும் போவது, குட்டியைக் கண்டால் வந்த வழியே திரும்புவது ஆகியவை உயிர் காக்கும். பள்ளிப் புத்தகத்துக் கதையை நம்பி மரத்தில் ஏறுவது காக்காது. பாலை மரத்தில் கரடியும் ஏறும்.

விலங்கு ஊருக்குள் வந்தால் திரளும் கூட்டத்தையும் கட்டுப்படுத்தியாக வேண்டும். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் புகுந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தை, சூழ்ந்து நின்றவர்களால் அடித்துக் கொல்லப்பட்டது. தொலைபேசியில் படம் பிடித்தவர்கள் சூழ நின்ற அந்தக் காட்சி நாட்டையே தலைகுனிய வைத்தது. அன்று சிறுத்தை, நாளை கரடி. வனஜீவராசிகள் திணைக்களம் வந்து சேரும்வரை மக்களைத் தள்ளி நிறுத்தும் பொறுப்பு பொலிஸாருக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மயக்க ஊசியோடு வரக்கூடிய மிருக வைத்தியர் குழுக்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். முகம் கிழிந்தவருக்குச் சத்திரசிகிச்சை முதல் வேலை இழந்த காலத்துக்கான உதவி வரை, அலைக்கழிக்காமல் நட்டஈடு கிடைக்க வேண்டும். இழப்பைத் தனியே சுமக்கவிடப்பட்ட கிராமத்திடம் காட்டைக் காப்பாற்று என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை.

வரும் பாலைப்பழக் காலத்துக்குமுன் வன்னியின் காட்டோரப் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் தன் குப்பை எங்கே கிடக்கிறது, எந்தப் பாதையில் விளக்கில்லை, யார் விடியுமுன் காட்டுக்குப் போகிறார்கள் என்று ஒரு கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கட்டும். கூண்டு கேட்கும் நாள் வந்தபின் அந்தக் கணக்கு எவர் முகத்தையும் காப்பாற்றாது.