எம்.எல். படிக்க ஆசையா? பணம் கட்டும் முன் யோசிங்க!

மகன் சட்டம் படிச்சு முடிச்சுட்டான். கறுப்பு கோட்டு போட்டு தெருவில் நடந்து வந்தபோது அக்கம் பக்கமே வாசலுக்கு வந்து பார்த்தது. அப்புறம் ஆறு மாசம் சீனியர் வக்கீலிடம் கட்டு தூக்கினான். பஸ் காசுக்கே வீட்டில் கை நீட்ட வேண்டிய நிலை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பிக்கிறான். "அப்பா, எம்.எல். படிக்கலாம்னு இருக்கேன். அப்ளிகேஷன் போடணும். பணம் வேணும்."

லோடு வண்டி ஓட்டும் அப்பா கேட்கிறார்: "அதைப் படிச்சா என்னடா ஆவே?"

தமிழகத்தில் எத்தனையோ வீடுகளில் வருஷா வருஷம் நடக்கும் பேச்சு இது. அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் பல பேர் அதற்குப் பதில் தெரியாமலே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்!

ஜட்ஜ் ஆக எம்.எல். வேண்டுமா?

வேண்டாம். கோர்ட்டில் வாதாடவும் எம்.எல். தேவையில்லை, சிவில் நீதிபதி தேர்வு எழுதவும் தேவையில்லை. பி.எல். படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்தால் வக்கீல்தான்.

"மேல்படிப்பு இருந்தா ஜட்ஜ் வேலை சுலபம்" என்று கிளப்பிவிடும் பேச்சை நம்பிவிடாதீர்கள். கடந்த 2025 மே 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. சிவில் நீதிபதி பதவிக்கு வருபவர்கள் குறைந்தது 3 ஆண்டு வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அது. அங்கே கேட்பது கோர்ட்டு அனுபவத்தை!

பின்னே யாருக்கு?

முதலில், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு. உதவிப் பேராசிரியர் ஆக எம்.எல். கட்டாயம். அதிலும் 55 சதவீத மார்க் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 'நெட்' அல்லது 'செட்' தேர்வில் பாஸ் ஆக வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. முடிக்க வேண்டும்.

வேலை கிடைத்தால் நல்ல வேலைதான். ஆரம்ப அடிப்படைச் சம்பளமே ரூ.57,700. ஆனால் கதவு அடிக்கடி திறக்காது. 2025-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அறிவித்த இடங்கள் மொத்தம் 132. அதிலும் ஒரு பகுதி ஆங்கிலம், பொருளாதாரம் மாதிரியான பாடங்களுக்குப் போய்விடும். மிச்ச இடத்துக்குத்தான் மாநிலம் முழுக்க அடிதடி!

இரண்டு ரூட்டு

எம்.எல்., எல்.எல்.எம். எல்லாம் ஒரே படிப்புதான். சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தால் 2 வருஷம். இங்கே 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. கட்டணமும் நம் கைக்கு எட்டும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் 1 வருஷம்தான். நம்ம திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. இவற்றில் சேர 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, 2 மணி நேரம், தப்பான பதிலுக்கு கால் மார்க் கட்! பி.எல்.லில் 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி.க்கு 45.

இந்த ஒரு வருஷப் படிப்பு செல்லாது என்று பார் கவுன்சில் ஆப் இந்தியா 2021-ல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, இப்போதைக்கு அமல்படுத்த மாட்டோம் என்று பின்வாங்கியது. படிப்பு தொடர்ந்து நடக்கிறது.

பணம்தான் முதல் தேர்வு

கிளாட் விண்ணப்பத்துக்கு மட்டும் ரூ.4 ஆயிரம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ரூ.3,500. ஒரு சித்தாளின் நாலைந்து நாள் கூலி!

பாஸ் ஆனால் சந்தோஷப்பட முடியுமா? 2025 சேர்க்கையில் கவுன்சிலிங்கில் கலந்துகொள்ளவே பொதுப் பிரிவுக்கு ரூ.30 ஆயிரம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ரூ.20 ஆயிரம் கட்டச் சொன்னார்கள். பிற்பாடு கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் கையில் ரொக்கம் வேண்டுமே? வட்டிக்கு வாங்குகிறவனுக்கு, கழிப்பதற்குள் வட்டி ஏறிவிடும்.

2024 டிசம்பர் 1-ந்தேதி நடந்த கிளாட் தேர்வில் கேள்விகளிலேயே குளறுபடி என்று மாணவர்கள் கொதித்தனர். "விடை தப்பு" என்று ஆட்சேபம் சொல்ல ஒரு கேள்விக்கு ரூ.1,000 கட்ட வேண்டும் என்றார்கள். அதாவது, தப்பைச் சுட்டிக்காட்டவும் பணம்! விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. 2025 ஜூனில் தீர்ப்பு சொன்ன கோர்ட்டு, இந்தக் கட்டணம் அதிகமாகத் தெரிகிறது என்று குட்டு வைத்தது. அதுவரை எம்.எல். சேர்க்கை அந்தரத்தில் தொங்கியது. அரை வருஷம் காத்திருக்க வசதி உள்ளவன் தாங்குவான். கூலி வீட்டுப் பிள்ளை?

போதாக்குறைக்கு கிளாட் தேர்வு முழுக்க இங்கிலீஷ். அரசு கல்லூரியில் தமிழில் பரீட்சை எழுதியே சட்டம் முடித்தவன், பக்கம் பக்கமாக இங்கிலீஷ் தீர்ப்புகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கவனிங்க!

* கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கும். விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கிவிடும். கடைசி வருஷம் படிக்கும்போதே போடலாம். மார்க் ஷீட் வரட்டும் என்று உட்கார்ந்தால் ஒரு வருஷம் போச்சு.

* டெல்லி, காசி, புதுச்சேரி மாதிரி மத்திய பல்கலைக்கழகங்களுக்கு 'கியூட்' தேர்வு தனி. அங்கே நம்மூர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் போதாது. தாசில்தாரிடம் மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இதைக் கோட்டை விட்டு இடத்தை இழந்தவர்கள் உண்டு.

* எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித் தொகை கேட்கலாம். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

வாத்தியார் வேலைதான் லட்சியமா? தைரியமாக விண்ணப்பியுங்கள். கூடவே நெட் தேர்வுக்கும் தயாராகுங்கள். கோர்ட்டில் வருமானம் இல்லை, சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகவா? அந்த 4 ஆயிரத்தைக் கட்டும் முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தால்தான், ஏழையின் வலி வகுப்பறையில் பேசப்படும். அந்த வாசலில் கட்டணப் பட்டியலைத் தொங்கவிட்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிப்பார்களா?