அருவியை மூடினால் திட்டாதீர்கள்



குற்றாலம் சீசன் வந்தாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல். "ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிப் போனோம், குளிக்க விடவில்லை. வெயில்தானே அடிக்கிறது, எதற்குத் தடை?" படித்த பிள்ளைகளே இப்படிக் கேட்பதுதான் வேதனை.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மழை பெய்வது மேலே, மலையில். பாறைச் சரிவில் அந்தத் தண்ணீர் நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. பிளஸ் ஒன் படிக்கிற வயது!

"அனுமதி இல்லாமலே செண்பகாதேவி அருவிக்கு ஏறினோம்" என்று பெருமையாகப் படம் போடுகிறவர்களே, 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தது மறந்துவிட்டதா? காட்டுக்குள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே தேடி மீட்க முடியும்?

காட்டில் நடக்க ஆசையென்றால், 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது, வழிகாட்டியும் உண்டு. கட்டணம் அதிகமா? குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். திருட்டுத்தனமாக ஏற அது காரணமாகாது.

மாமல்லபுரத்தில் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிக் கடலில் இறங்கும் வெளியூர்க்காரர்களை நாம் எப்படித் திட்டுகிறோம்! குற்றாலத்தில் நாம்தான் வெளியூர்க்காரர்கள். தடை போட்டிருந்தால் பேசாமல் திரும்பி வாருங்கள்.