ஆர்ஃபியஸுக்கு அட்டை இருக்கு, சீவகனுக்கு?

ஒரு சின்னக் கேள்வி. திருப்பருத்திக்குன்றம் போயிருக்கீங்களா? போகலன்னா இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்க, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துலதான். அங்க இருக்கிற சமணக் கோயில்ல ஒரு சங்கீத மண்டபம். 1387-88-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினது. அண்ணாந்து பார்த்தா விதானம் முழுக்க ஓவியம்: ரிஷபதேவர் கதை, கண்ணன் கதை. கதை எல்லாம் இருக்கு. சங்கீதம் எங்கே?

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியிலும் இதே கேள்விதான். யாழ்ப் போட்டியில காந்தருவதத்தையை ஜெயிச்சு சீவகன் அவளைக் கல்யாணம் பண்ணிக்கிறான். திருத்தக்கதேவர் அந்தப் போட்டியை அவ்வளவு நுணுக்கமா பாடியிருக்கார். ஆனா சீவகன் வாசிச்சதை இன்னைக்கு யாராலும் வாசிக்க முடியாது.

இப்போ ஐரோப்பா பக்கம் பாருங்க. கிரேக்கக் கதையில ஆர்ஃபியஸ் யாழ் மீட்டினா மரமும் கல்லும் நகரும். லூட் வாசிச்சவங்களுக்கு அவன்தான் ஆதர்சம். லூட்டோட ஸ்பானிய உறவான விஹுவேலாவுக்கு லூயிஸ் மிலான் 1536-ல் 'எல் மாஸ்ட்ரோ'ன்னு ஒரு புத்தகம் போட்டார். உள்ளே ஆர்ஃபியஸ் விஹுவேலா வாசிக்கிற படம்; கூடவே ஒருத்தர் தனியா வாசிக்கிற உருப்படிகள். இன்னைக்கும் அதைப் பார்த்து வாசிக்கிறாங்க.

எப்படி? ஆறு கோடு, அது மேல எண்கள். எந்தத் தந்தியில எந்த மெட்டுல விரல் வைக்கணும், அவ்வளவுதான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசா என்ன? ஜக்கார்டு அட்டையில இருக்கிற ஓட்டை, எந்தப் பாவு இழையைத் தூக்கணும்னுதானே சொல்லுது! அட்டை பத்திரமா இருந்தா தாத்தா நெய்த பார்டரைப் பேரனும் நெய்யலாம்.

"நம்ம இசை குரு வாயிலா வர்றது, கமகத்தை எழுத முடியாது"ன்னு சொல்வீங்க. பாதி உண்மை. ஆனா குடுமியான்மலையில சுரங்களைப் பாறையிலேயே வெட்டி வச்சவங்க நம்ம ஆளுங்கதான். அறிவியல் படிச்சு, அறிவியல் பாடம் நடத்தின விபுலானந்த அடிகள் கணக்குப் போட்டு யாழின் சுருதிகளைத் தேடி, 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டார். யாழையே புதுசா செய்து வாசிக்கிற இளைஞர்கள் இன்னைக்கு சென்னையில இருக்காங்க.

சீவகனோட இசை போனது போனதுதான். ஆனா நம்ம சுத்துவட்டாரத்துல இன்னும் பாரதக் கூத்து நடக்குது. விடிய விடிய முகவீணை வாசிக்கிற பெரியவர் ஒருத்தர் உங்க ஊர்லயே இருக்கலாம். அவர் மனசுல இருக்கிறதுக்கு அட்டை கிடையாது. உங்க கையில போன் இருக்கு. அலைவரிசையைப் பிரிச்சுப் பார்க்க லேப்ல கத்துக்கிட்டீங்க. அடுத்த ப்ராஜெக்டுக்கு இன்னொரு வருகைப்பதிவு ஆப் வேண்டாமே. அவரைக் கேட்டுட்டு, அவர் பெயரோட பதிவு பண்ணுங்க, சுரம் எழுதுங்க.

இல்லன்னா 500 வருஷம் கழிச்சு யாராவது அண்ணாந்து பார்த்து இதே கேள்வியைக் கேட்பாங்க.