வின்ச் சரி, சுமை என்ன ஆயிற்று?



ராம் 2500 பவர் வேகன் பிக்கப் வண்டி பற்றிய உங்கள் கட்டுரை அதன் வீரதீரத்தை மட்டுமே பாடியது. கொலராடோவில் அதை வைத்து ஓட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

பவர் வேகன் என்பது போர்க்கால டாட்ஜ் ராணுவ லாரியின் வழியில் 1946-இல் வந்த பெயர். 2005-இல் மறுபிறவி எடுத்தது. முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், பொத்தானை அழுத்தினால் விடுபடும் ஸ்வே பார், 12,000 பவுண்டு (சுமார் 5,400 கிலோ) இழுக்கும் வின்ச் எல்லாமே தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. வெளிப் பட்டறையில் ஒவ்வொன்றாக மாட்டினால் செலவோடு வாரண்டித் தகராறும் சேரும். நான் காசு கொடுத்தது அந்த நிம்மதிக்குத்தான்.

ஆனால் கட்டுரையாளர் சுமைத்திறனைத் தொடவே இல்லை. பாறைகளில் சக்கரம் தாராளமாக ஏறி இறங்க ஸ்பிரிங்கை இளக்கியிருக்கிறார்கள். அதனால் ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 700 கிலோதான் தாங்கும். அதே 2500 வரிசையின் சாதாரண வண்டி இதைவிட வெகு அதிகம் சுமக்கும். நாலு பேர் உட்கார்ந்து, கூடாரமும் தண்ணீரும் ஏற்றி, பெரிய டிரெய்லரையும் கொக்கியில் மாட்டினால் கணக்கு முடிந்தது. வாங்குகிறவர்கள் சுமை வரம்பு எழுதிய கதவோர ஸ்டிக்கரைப் படிப்பதே இல்லை! என்னுடையதில் 6.4 லிட்டர் பெட்ரோல் வி8 வேறு. மைலேஜைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நீளமும் சுமார் ஆறு மீட்டர். ஜீப் ஒரே வீச்சில் திரும்பும் மலை வளைவில் இதை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் திருப்ப வேண்டும். அடுத்த கட்டுரையில் அதையும் எழுதக் கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், டென்வர்